வீடு இருக்கிறது, உறுதி இருக்கிறதா?

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம். மனிதனுக்கு இன்றியமையாத இம்மூன்றையும் சிறு வயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். முதல் இரண்டுக்கும் குறைவு வந்தால் அண்டை அயலார் அறிவார்கள். யாராவது ஒருவர் கை கொடுப்பார். மூன்றாவது விடயம் அப்படியல்ல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடு இருப்பதுபோலவே தெரியும். சுவர் இருக்கும், கூரை இருக்கும், அடுப்பும் எரியும். ஆனால், "இந்த வீடு யாருடையது? எழுத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் அந்த வீட்டு உம்மா மௌனமாகிவிடுவார்.

அறபு மொழியில் வீட்டுக்கு 'மஸ்கன்' என்று ஒரு பெயர் உண்டு. மன அமைதியைக் குறிக்கும் 'ஸகீனா' என்ற சொல்லும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். அல்குர்ஆனில் ஸூரத்துந் நஹ்லின் 80ஆம் வசனம், அல்லாஹ் நமது வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதை அவனது அருட்கொடைகளில் ஒன்றாக நினைவூட்டுகிறது. ஏழையைச் சுட்டும் 'மிஸ்கீன்' என்ற சொல்லும் இதே மூன்று எழுத்துக்களிலிருந்து பிறந்ததே. வறுமை ஆளை அசைய விடாமல் ஒடுக்கி வைப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று மொழி அறிஞர்கள் விளக்குவர். மிஸ்கீனுக்கு மஸ்கன் கிடைத்தாலும் அதில் ஸகீனா இல்லாமற் போவது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

துறைமுகமும் தோட்டங்களும்

கொழும்பில் 'தோட்டம்' என்றால் தேயிலைத் தோட்டம் அல்ல என்பது கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை வாசிகளுக்குத் தெரியும். பெரிய தெருவிலிருந்து ஓர் ஒடுங்கிய பாதை உள்ளே போகும். இரு பக்கமும் ஒட்டியபடி சிறு சிறு அறைகள். பலருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுவான மலசலகூடம். இதுதான் கொழும்பின் தோட்டம்.

இவை ஒரு நாளில் தோன்றியவை அல்ல. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணை வேலை 1875இல் ஆரம்பித்து 1885இல் நிறைவுற்றது. துறைமுகம் பெருகப் பெருகக் கப்பலில் ஏற்றி இறக்கவும், பண்டகசாலைகளில் மூடை சுமக்கவும், வண்டி இழுக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். வந்தவர்களுக்குத் துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்க இடம் வேண்டியிருந்தது. காணிச் சொந்தக்காரர்கள் வரிசை வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். சோனகர், மலாயர், தமிழர், சிங்களவர் எல்லோரும் அந்த அறைகளில் வாழ்ந்தனர். பேரப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்த பின்னரும் பல குடும்பங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பாளரை வீட்டுச் சொந்தக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் தடுத்தது. 1973இல் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தது. மேலதிக வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்கள் வாங்கிக்கொள்ள அதனால் வழி பிறந்தது. கொழும்பில் வாடகைக்காரராக இருந்த பலர் வீட்டுச் சொந்தக்காரரானது இச்சட்டத்தினால்தான்.

பின்னர் ஆர். பிரேமதாச அவர்களின் காலத்தில் 1978இல் ஓர் இலட்சம் வீட்டுத் திட்டமும், 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் ஆரம்பிக்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் சபை 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாகப் பிரகடனப்படுத்தியதற்கும் அவர் முன்வைத்த யோசனையே காரணமாயிற்று. பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடிசையை உடைத்து ஏழையைத் தூரத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக, இயன்றவரை அவன் இருக்கும் நிலத்தையே அளந்து பங்கிட்டு, பாதையும் குழாயும் கொடுத்து, வீட்டை அவனே கட்டிக்கொள்ளச் சிறு கடன் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 2 பேர்ச் நிலம்தான். ஆனால் அதில் தன் பெயர் இருக்கிறது என்ற தைரியத்தில் மக்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கல் வீடு கட்டினர். நமக்கு அண்மையிலுள்ள நவகம்புர அவ்வாறு உருவான ஒரு குடியிருப்பு. உரிமை கையில் இருந்தால் ஏழையும் சுவர் எழுப்புவான் என்பதற்கு அது கண்முன்னேயுள்ள சான்று.

மாடிக்கு மாறிய வாழ்க்கை

காலம் மாறியது. நகரக் காணியின் விலை ஏறியது. ஏழைகளை மேலே அடுக்கினால் கீழே நிலம் மிஞ்சும் என்ற கணக்கு வந்தது. 2001இல் வனாத்தமுல்லையில் 'சஹஸ்புர' என்ற உயர்ந்த தொடர்மாடி திறக்கப்பட்டு, அறுநூறுக்கு மேற்பட்ட வீடுகளில் தோட்டத்துக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2015 வரை அவ்வாறே இருந்தது. அக்காலத்தில்தான் இந்த வேலை வேகம் பிடித்தது. கொழும்பு நகரில் 1,499 குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் இடம் மாற்றப்பட வேண்டியவை என்று அதிகாரசபை கணக்கெடுத்தது. 2010 மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் தெருவிலிருந்த வீடுகள் படையினரின் காவலுடன் உடைக்கப்பட்டதை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. அதன் பின் தெமட்டகொடை, வனாத்தமுல்லை, மட்டக்குளி போன்ற இடங்களில் தொடர்மாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

நடுநிலையாகப் பேசுவோம். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற குடும்பத்துக்கு உலர்ந்த தரை கிடைத்தது நல்ல விடயம். வயதுவந்த பெண்பிள்ளை இரவில் பொது மலசலகூடத்துக்குப் போக வேண்டிய அவலம் நீங்கியது பெரிய விடயம். அதற்காக நன்றி சொல்பவர்கள் உண்டு, சொல்வதில் தவறுமில்லை.

ஆனால் கொடுத்தவற்றுக்கு ஈடாக எடுத்தவற்றையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் பின்பற்றப்பட்ட முறை, ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்பது. பழைய வீடு எவ்வளவு பெரியது, அதில் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்பது கணக்கில் வரவில்லை. நம் சமூகத்தில் மகளைக் கட்டிக் கொடுத்தாலும் பெற்றோர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. கீழே உம்மாவும் வாப்பாவும், மேலே பலகை அடித்த தட்டில் மூத்த மகள் குடும்பம், பின்னால் இளைய மகள் குடும்பம் என்று மூன்று அடுப்பு எரிந்த ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 400 அல்லது 500 சதுர அடி கொண்ட ஒரே மாடி வீடு. இனி யார் உள்ளே இருப்பது, யார் வாடகைக்குப் போவது? அந்தக் கேள்வி சகோதரிகளிடையே பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும் அளவுக்குப் போகிறது.

வாசலில் அப்பமும் இடியப்பமும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்க்கு ஒன்பதாம் மாடியில் வாடிக்கையாளர் யார் வருவார்? லிப்ட் பழுதான நாளில் நோயாளியை இறக்குவதும் ஜனாஸாவை இறக்குவதும் என்ன பாடு என்பது அங்கு இருப்பவர்களுக்குத் தெரியும்.

இவற்றுக்கு மேலாகப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. பல குடும்பங்கள் மொத்தமாக 10 இலட்சம் ரூபா கட்டும்படி கேட்கப்பட்டன. 20 ஆண்டுகளில் கட்டுவதானால் மாதம் 3,960 ரூபா. 30 ஆண்டுகளில் கட்டுவதானால் மாதம் 2,650 ரூபா. தண்ணீரும் மின்சாரமும் பராமரிப்பும் வேறு. அன்றாடங்காய்ச்சிக்கு மாதக் கட்டணம் என்பது முதுகில் ஏற்றிய மூடை. இடையில் தவறினால் என்ன ஆகும்? கட்டி முடிக்கும் வரை அந்த வீடு யாருடையது? இதற்குத் தெளிவான பதில் பலரிடம் எழுத்தில் இருக்கவில்லை.

2023 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், கொழும்பின் குறைந்த வருமானத் தொடர்மாடிகளில் உள்ள 50,000 குடும்பங்களுக்கு வீட்டின் முழு உரிமையும் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல அறிவிப்பு. ஆயினும் அறிவிப்பை அலுமாரியில் வைத்துப் பூட்ட முடியாது. மாடி வீட்டுக்குத் தனி உறுதி எழுத வேண்டுமானால், முழுக் கட்டடத்தையும் அளந்த வரைபடம் முறைப்படி பதிவாக வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். ஆகவே உங்கள் பெயரில் உறுதி எழுதப்பட்டு, அது காணிப் பதிவகத்தில் பதியப்படும் நாள் வரை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது?

ஏழை நீதிமன்றப் படியேறும்போது அவனிடம் கேட்கப்படுவது, "எத்தனை வருடமாக இருக்கிறாய்?" என்பதல்ல. "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதே.

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அரச காணியில் அனுமதியின்றி இருப்பதாகக் கருதப்படுபவருக்கு வெளியேறும்படி அறிவித்தல் வரும். அதில் குறைந்தது 30 நாள் தவணை இருக்கும். அவர் போகாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அவர் காட்டக்கூடியது அரசு தந்த செல்லுபடியான அனுமதிப் பத்திரத்தை, அல்லது எழுத்திலான வேறு அதிகாரத்தை மட்டுமே. நாற்பது வருடம் வாழ்ந்தேன், பிள்ளைகளை இங்குதான் பெற்றேன் என்பதெல்லாம் அந்த நீதிமன்றத்தில் எடுபடாது.

"பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகும்" என்று தோட்டங்களில் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றை அவரது உரிமையை ஏற்காமல், தடையின்றிப் பத்து வருடம் ஆண்டவர் உரிமை கோரலாம். வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவருக்கு அது பொருந்தாது. அரச காணிக்கும் பொருந்தாது. இந்தப் பாதி உண்மையை நம்பி எழுத்தைத் தேடாமல் இருந்துவிட்ட குடும்பங்கள் பல.

இன்னொன்று, தோட்டத்து வீடுகளை வாங்கி விற்கும் முறை. முத்திரை ஒட்டிய ஒரு கடதாசியில் இருவர் கையெழுத்திட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வீடு வாங்கியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டுச் சட்டம் காணி விற்பனைக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. அவை இல்லாத கடதாசி உறுதியாகாது.

எழுத்தின் அருமை 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதரர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். உறுதியை எடுக்கக்கூட நேரமில்லாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இல்லாத காலத்தில் மற்றவர் ஆண்டுவந்த காணிகளை மீட்க வழிசெய்வதற்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்றைத் தனியாக இயற்ற வேண்டியிருந்தது. காணிப் பதிவகத்தில் பதிந்திருந்தவர்களுக்குப் பிரதி எடுக்கும் வழியாவது இருந்தது.

வீட்டுரிமை உலகம் ஒப்புக்கொண்ட உரிமைதான். பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. அதன் 11ஆம் உறுப்புரை வீட்டைப் பற்றிப் பேசுகிறது. 1991இல் அதற்கு விளக்கம் எழுதிய ஐ.நா. குழு, தகுந்த வீட்டுக்குரிய ஏழு இலக்கணங்களில் முதலாவதாக வைத்தது சுவரையோ கூரையையோ அல்ல, குடியிருப்பின் சட்டப் பாதுகாப்பையே. நமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையும் போதிய உணவு, உடை, வீடு என்பவற்றை அரசின் குறிக்கோளாகச் சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டும் கொள்கை மட்டுமே. அதைக் காட்டி வழக்காட முடியாது. ஆகவே கையிலுள்ள பத்திரமே ஏழையின் கேடயம்.

மார்க்கம் காட்டும் வழி

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமான அது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறிதோ பெரிதோ எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்பது அதன் போதனை. "நமக்குள் என்ன எழுத்து?" என்று உறவினரிடையே பேசிக்கொள்வது நல்ல மனம்போலத் தோன்றும். பிற்காலத்தில் அதே உறவு அறுந்துபோவதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்ததும் பள்ளிவாசல் கட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. பேரீச்சம்பழம் உலர்த்தும் அந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அல்லாஹ்வுக்காகத் தருகிறோம் என்று இலவசமாகவே கொடுக்க முன்வந்தனர். அல்லாஹ்வின் தூதர் அதை ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். கட்டப்போவதோ மஸ்ஜிதுந் நபவி. கேட்பவர்களோ அல்லாஹ்வின் தூதர். அதைவிடச் சிறந்த பொதுத் தேவை உலகில் உண்டா? அதற்கும்கூட இரு அநாதைகளின் நிலம் விலையின்றி எடுக்கப்படவில்லை. பொதுத் தேவை என்ற பெயரில் ஏழையின் காணியைக் கேட்கும் எந்த அரசுக்கும், எந்த நிர்வாகத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது.

பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில், மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஸஈத் பின் ஸைத் (ரழி) அவர்கள் மீது ஒரு பெண்மணி காணி வழக்குத் தொடுத்தபோது, இந்த எச்சரிக்கையைக் கேட்ட பின்னும் நான் அவ்வாறு செய்வேனா என்று அவர்கள் கேட்டார்கள்.

இந்த எச்சரிக்கை பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல. பொதுப் பாதையை அடைத்து வீட்டைப் பெருப்பிப்பதும், வக்பு நிலத்தைப் பிடித்துக்கொள்வதும், வேறிடத்தில் வீடு இருக்க ஏழைக்குரிய மாடி வீட்டில் பொய்ப்பெயர் பதிவதும் ஒரு சாணுக்குள் அடங்கும். அதேபோல், மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, வாக்காளர் இடாப்பில் பெயரும் பதிந்து, தலைமுறை தலைமுறையாக வாழவிட்ட குடும்பத்தை ஒரு காலைப்பொழுதில் அத்துமீறியவர் என்று அழைத்துத் தெருவில் விடுவதும் நீதியாகாது.

பெண்ணின் பெயர் எங்கே?

கணக்கெடுக்க வரும் அதிகாரி, "வீட்டுத் தலைவர் யார்?" என்று கேட்பார். கணவர் கடலுக்கப்பால் உழைத்துக்கொண்டிருந்தாலும், நோயாளியாகப் படுத்திருந்தாலும், அவர் பெயரே எழுதப்படும். அந்த நேரத்தில் அது பெரிதாகத் தெரியாது. அவர் மௌத்தான பின் அல்லது தலாக் நிகழ்ந்த பின்தான் அதன் பாரம் விளங்கும். நகை விற்று வீடு கட்டியது மனைவி. பத்திரத்தில் இருப்பது கணவர் பெயர் மட்டும்.

இஸ்லாம் பெண்ணின் சொத்தைக் கணவரின் சொத்தோடு கலக்கவில்லை. அவளது மஹர் அவளுடையது. அவள் உழைப்பு அவளுடையது. பெற்றோர் விட்டுச் சென்றதில் அவளுக்குக் குறித்த பங்கு உண்டு. கணவர் இறந்தால், பிள்ளைகள் இருப்பின் எட்டில் ஒன்றும், இல்லாவிட்டால் நான்கில் ஒன்றும் மனைவிக்குரியது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமற்றோர் உரிமைச் சட்டமும் இந்நாட்டு முஸ்லிம்களின் வாரிசுப் பங்கீடு அவரவர் மத்ஹபின்படி நடக்க வழிசெய்திருக்கிறது. தலாக் சொன்னாலும் இத்தா முடியும்வரை மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்பது ஸூரத்துத் தலாக்கின் முதல் வசனத்திலுள்ள கட்டளை.

அப்படியிருந்தும் வாப்பா மௌத்தானதும் வீட்டுப் பத்திரம் மூத்த மகனின் கைக்குப் போய்விடுகிறது. சகோதரியிடம் வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வாங்கப்படுகிறது. "நாங்கள் உன்னைப் பார்த்துக்கொள்வோம்" என்ற வாய்வார்த்தைதான் அவளுக்குக் கிடைக்கும் பங்கு. தெருவில் நடக்கும் அநியாயத்தைக் கண்டிக்கும் நாம், வீட்டுக்குள் நடக்கும் இந்த ஒரு சாண் அநியாயத்தைக் கண்டும் காணாமல் இருக்கிறோம்.

இன்றே செய்யக்கூடியவை

அன்புச் சகோதரிகளே! இவை சட்டத்தரணிகள் மட்டும் கவனிக்க வேண்டிய விடயங்கள் அல்ல. ஒரு ஓய்வான பிற்பகலில் நீங்களே ஆரம்பிக்கலாம்.

முதலில், வீட்டில் உள்ள எழுத்துக்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் சேருங்கள். பழைய வாடகைப் பற்றுச்சீட்டு, வீடமைப்பு அதிகாரசபை தந்த அட்டை, கணக்கெடுப்பில் தந்த இலக்கம், மாநகரசபை வரிச் சீட்டு, மின்கட்டண, தண்ணீர்க் கட்டணப் பட்டியல்கள், வாக்காளர் இடாப்பின் பிரதி எதையும் குப்பை என்று எறிய வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள்.

இரண்டாவது, நீங்கள் இருக்கும் நிலம் யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாருடையதா, மாநகரசபையுடையதா, அதிகாரசபையுடையதா, வக்பா? வழி அதைப் பொறுத்தே மாறும்.

மூன்றாவது, வாசிக்காத எதிலும் கையெழுத்திட வேண்டாம். புரியாத மொழியில் இருந்தால் புரிந்தவரைக் கூப்பிட்டு வாசித்துக் கேளுங்கள். தரும் கடிதத்துக்குப் பிரதி கேளுங்கள். கட்டும் பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

நான்காவது, புதிதாக வீடு பதியப்படும்போது மனைவியின் பெயரையும் சேர்க்கும்படி கணவரிடம் இப்போதே பேசுங்கள். நல்ல கணவர் இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

ஐந்தாவது, அறிவித்தல் வந்தால் அதை ஒளித்து வைக்காதீர்கள். தவணை நாட்கள் வேகமாகக் கழியும். வசதியற்றோருக்கு உதவவென்றே 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, கொச்சிக்கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அளுத்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் இருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. றமழானில் ஆயிரம் பேருக்கு அரிசி கொடுக்கிறோம். அந்த அரிசி ஷவ்வாலில் முடிந்துவிடும். ஸகாத் நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு வருடத்துக்குப் பத்து மிஸ்கீன் குடும்பங்களின் நிலுவைப் பணத்தைக் கட்டி, நொத்தாரிசுச் செலவையும் கொடுத்து உறுதி பெற்றுக் கொடுத்தால், அந்தக் குடும்பம் அடுத்த தலைமுறையிலும் ஸகாத் வாங்க வர வேண்டியிருக்காது. மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம் சமூகத்துச் சட்டத்தரணி ஒருவர் பள்ளி வளவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாலே எத்தனையோ பேரின் குழப்பம் தீரும். பெண்கள் வந்து கேட்பதற்குத் தனி நேரமும் இடமும் ஒதுக்குவது அவசியம். பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து நகை வாங்கும் திறமை நம் தாய்மாரிடம் இருக்கிறது. அதே சீட்டை உறுதிச் செலவுக்காகப் பிடித்தால் வட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டிய தேவையும் வராது.

இந்த மாத இதழை மூடிவைத்ததும் அலுமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டைப் பற்றி எழுத்தில் என்ன இருக்கிறது, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு எல்லாம் சரியாக இருந்தால் பக்கத்து வீட்டு உம்மாவிடம் விசாரியுங்கள். அண்டை வீட்டாரின் உரிமை நம் மார்க்கத்தில் சிறியதல்ல.

இருக்க இடமின்றித் தவிப்போர் அனைவருக்கும், எம்மதத்தவராயினும், அல்லாஹ் நிம்மதியான வசிப்பிடத்தைத் தந்தருள்வானாக. பிறரின் ஒரு சாண் நிலத்திலிருந்தும் நம்மைக் காப்பானாக. ஆமீன்.